புதினம் ஒன்றுமில்லை: றெமார்க்கின் நாவலும் போர்ச் செய்தியும்

எரிக் மரியா றெமார்க்கின் போர் நாவலை ஈழத்து வாசகர் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே அறிவர். 1929ஆம் ஆண்டில் ஏ. டபிள்யூ. வீன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பின் தலைப்பு, மேற்கு முனையில் எங்கும் அமைதி என்ற பொருளைத் தருவது. ஜேர்மன் மூலத்தின் தலைப்போ அமைதியைப் பற்றிப் பேசவில்லை. மேற்கில் புதிதாக ஏதுமில்லை என்றே அது கூறுகிறது. 'என்ன புதினம்?' என்று கேட்கும் யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கு இவ்விடத்தில் ஆங்கிலத்தைவிட மூலத்துக்கு அண்மையில் நிற்கிறது. 'மேற்கிற் புதினம் ஒன்றுமில்லை' என்பதே அத்தலைப்பின் நேர்ப்பொருள். அது கவிஞனொருவன் தேடிக் கண்ட சொற்றொடரன்று; படைத் தலைமையகத்து அறிக்கையின் நடையில் அமைந்த வாக்கியம். போரைப் பற்றிய நாவலொன்று தன் பெயரையே போர்ச் செய்தியிடமிருந்து பெற்றுக்கொண்டுள்ளது. இதனை ஓர் இளைஞனின் சோகக் கதையாக மட்டும் வாசிப்போர் இவ்வுண்மையைத் தவறவிடுகின்றனர்.

முதலாம் உலக யுத்தத்தில் போர்முனைக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த தூரம் பெரிதன்று. பிரான்சில் முழங்கிய பீரங்கிகளின் ஓசை சில வேளைகளில் இங்கிலாந்தின் தென்பகுதியிலும் கேட்டது. எனினும், 1916 யூலை 1ஆம் திகதி சொம் நதிப் பிரதேசத்திற் பிரித்தானியப் படை 57,470 பேரை இழந்து, அவர்களுள் 19,240 பேர் மடிந்தபோது, இலண்டன் பத்திரிகைகள் நல்ல முன்னேற்றம் பற்றியே எழுதின. 'டெய்லி மெயில்' நிருபர் வில்லியம் பீச் தோமஸ் தாம் அன்று எழுதியவற்றை எண்ணி வெட்கமுற்றதாக 1925இல் வெளிவந்த தம் நூலில் ஒப்புக்கொண்டார். படைவீரர்கள் அத்துணை காலம் காத்திருக்கவில்லை. ஈப்பர் நகரின் இடிபாடுகளிடையே கண்டெடுத்த அச்சியந்திரத்தைக் கொண்டு 1916 பெப்ரவரியில் அவர்கள் தொடங்கிய 'வைப்பர்ஸ் டைம்ஸ்' என்னும் அகழி ஏடு, அந்நிருபரின் பெயரிலுள்ள முதலெழுத்துக்களை இடம் மாற்றி, 'டீச் போமஸ்' என்றொரு பாத்திரத்தைப் படைத்து நையாண்டி செய்தது.

இந்த முரண்பாட்டை றெமார்க் எவ்வாறு கையாள்கிறார் என்பதை நாவலின் விடுமுறைப் பகுதியிற் காணலாம். கதைசொல்லியான பவுல் பொய்மர் வீடு திரும்புகிறான். மதுக்கடையொன்றில் ஊர்ப் பெரியோர் அவனைச் சூழ்ந்துகொள்கின்றனர். சுருட்டும் பியரும் கொடுத்து உபசரிக்கின்றனர். பாடசாலை அதிபர் ஒருவர் பெல்ஜியம், பிரான்சின் நிலக்கரிப் பகுதிகள், ருஷ்யாவில் ஒரு துண்டு எனத் தேசப்படத்தையே பங்கு போடுகிறார். போர் அவ்வாறு இலகுவானதன்று என்று பவுல் சொல்லத் துணிந்ததும், உனக்கு உன் பகுதி மட்டுமே தெரியும், முழுமை தெரியாது என்னும் கருத்துப்பட அவனை அடக்கிவிடுகிறார்.

அதிபரின் கூற்று நகைப்புக்குரியதாகவே எழுதப்பட்டுள்ளது. ஆனால் அது முற்றிலும் பொய்யுமன்று. அகழியிலிருப்பவனின் கண்ணுக்கு எட்டுவது சில யார் நிலமே. தன் பட்டாலியனுக்கு அப்பால் நடப்பதை அவனும் வதந்தியாலும் பத்திரிகையாலுமே அறிகிறான். உண்மையிலேயே கடினமான இந்தக் கேள்வியை ஒரு முட்டாளின் வாயில் வைத்ததன் மூலம் ஆசிரியர் அதற்கு விடையளிக்கும் பொறுப்பிலிருந்து தப்பிக்கொள்கிறார் எனலாம். அனுபவம் ஓர் அதிகாரமே. ஆயினும் எதனைப் பற்றிய அதிகாரம்? றெமார்க்கின் வாழ்வு இக்கேள்வியை மேலும் கூர்மையாக்குகிறது. 1917 யூனில் போர்முனைக்குச் சென்ற அவர், யூலை 31ஆம் திகதி காயமடைந்து, எஞ்சிய காலத்திற் பெரும்பகுதியை டூயிஸ்பேர்க் நகர மருத்துவமனையிற் கழித்தார். ஏழு வாரம் கூட நிறையாத அனுபவமும் மருத்துவமனைக் கட்டிலருகே கேட்ட பிறர் கதைகளுமே நாவலாயின. இதனை ஒரு குற்றமாகக் கொள்வதற்கில்லை. ஆனால் அவரைப் 'போர்முனையின் குரல்' என்று போற்றியவர்களும், போலி என்று தூற்றியவர்களும் நாவலை ஒரு சாட்சிமூலம் என எண்ணிய ஒரே தவற்றையே செய்தனர்.

நாவலின் மிக நுண்ணிய இடம் அதிபரின் மேசையன்று. அதே விடுமுறையில் பவுல் தன் தோழன் கெம்மெறிக்கின் தாயைச் சந்திக்கிறான். கால் துண்டிக்கப்பட்டு, மருத்துவமனையில் அணுவணுவாக இறந்த மகனைப் பற்றி அவள் கேட்கிறாள். அவன் அக்கணமே இறந்துவிட்டான், துன்பமே அறியவில்லை என்று பவுல் கூறுகிறான். அவள் நம்பவில்லை, சத்தியம் செய்யச் சொல்கிறாள், அவன் சத்தியமும் செய்கிறான். பத்திரிகை ஊருக்குக் கூறும் பொய்யை வெறுப்பவன், ஒரு தாய்க்குத் தானே அவ்வகைச் செய்தியொன்றை உருவாக்கிக் கொடுக்கிறான். இங்கே தணிக்கையாளனும் இல்லை, பத்திராதிபரும் இல்லை. இரக்கமே தணிக்கை செய்கிறது. போர்முனை உண்மையை அறியும், வீடு ஏமாற்றப்படும் என்ற எளிய பாகுபாடு இவ்விடத்தில் உடைந்துபோகிறது. விமர்சகர் பலர் இக்காட்சியைக் கண்ணீர்க் காட்சியெனக் கூறிக் கடந்துசெல்வது வியப்புக்குரியது.

இதற்கு நேர்மாறான உதாரணமொன்று இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களிற் கிடைக்கிறது. 1914ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட அவர்களுடைய கடிதங்களைப் படிப்பதற்கென்றே தணிக்கைப் பிரிவொன்று இயங்கியது. அதனை ஏய்ப்பதற்காகச் சிலர் கறுப்பு மிளகு, சிவப்பு மிளகு என எழுதினர். கறுப்பு மிளகு இந்தியப் படை. சிவப்பு மிளகு வெள்ளையர் படை. கறுப்பு மிளகு தீர்ந்துபோகிறது என்ற வாக்கியத்தைப் பஞ்சாபிலுள்ள ஒரு வீட்டார் சரியாகவே விளங்கிக்கொண்டிருப்பர். (தணிக்கையாளரும் விளங்கிக்கொண்டமையாற்றான் அது இன்று ஆவணமாக எஞ்சியுள்ளது.) பவுலுக்கு எழுத்தறிவும் சுதந்திரமும் அதிகம், ஆனால் வீட்டுக்கு உண்மையைச் சொல்லத் துணிந்தவர்கள் இவர்களே.

ஹென்றி பார்பூஸின் 'நெருப்பு' இங்கு நினைவுகூரத்தக்கது. யுத்தம் நடந்துகொண்டிருந்த 1916இலேயே அது பாரிஸ் பத்திரிகையொன்றில் தொடராக வெளிவந்து, அவ்வாண்டுக்கான கொன்கூர் பரிசையும் பெற்றது. ஆகவே பத்திரிகை அனைத்தும் ஒரு குரலிலேயே பேசின என்பதும் பொருந்தாது. பார்பூஸின் படைவீரர்கள் இறுதியில் மேடைப் பேச்சாளராகிவிடுகின்றனர். கலையளவில் அது பலவீனமே. ஆனால் இப்போரால் நன்மையடைவோர் யாவர் என்ற வினாவை அவர்கள் கைவிடுவதில்லை. றெமார்க்கின் தோழர்களும் ஒருமுறை அவ்வினாவை எழுப்பிப் பார்க்கின்றனர்; இதைப் பற்றிப் பேசாதிருப்பதே நல்லது என்று ஒருவன் சொல்ல, பேச்சு அடங்கிவிடுகிறது. அவர்களது மௌனம் யதார்த்தமானது. ஆயினும் நாவலும் அவர்களோடு சேர்ந்து மௌனமாகிவிடுகிறது என்பதே குறை.

அக்குறையை ஓரளவு ஈடுசெய்வது கடைசிப் பக்கமாகும். 1918 ஒக்ரோபரில் பவுல் இறக்கிறான். அதுவரை 'நான்' என்று கதை சொல்லியவன் மறைய, பெயரற்ற ஒருவர் அவனை 'அவன்' என்று குறிப்பிடுகிறார். அன்றைய படை அறிக்கை மேற்கில் புதிதாக ஏதுமில்லை என்ற ஒரே வாக்கியத்தோடு அமைந்தது எனவும் அவரே அறிவிக்கிறார். அவ்வறிக்கை பொய்யன்று. போர்முனைக் கோடு அசையவில்லை. தலைமையகத்தின் அளவுகோலில் ஒரு சிப்பாயின் சாவு புதினமாகாது. அதிபர் மதுக்கடையிற் பேசிய 'முழுமை' இதுதான். அதனைக் கூறும் அப்பெயரற்ற குரல் யாருடையது என்பதை றெமார்க் சொல்லவில்லை. 1928 நவம்பரில் 'வொஸ்ஸிஷெ ட்சைற்றுங்' என்னும் பேர்லின் பத்திரிகையில் இந்நாவல் தொடராக வெளிவந்தபோது, அந்த வாக்கியத்தையும் வாசகர் காலைச் செய்திகளோடு சேர்த்தே வாசித்தனர்.