பூக்க விடாத தோட்டம்: மலையகக் கவிதையின் இயற்கை நோக்குப் பற்றிய ஒரு குறிப்பு

கோடைக்காலப் பூந்தோட்டத்தில் வண்ணத்துப்பூச்சியைக் கண்டு பாடுவது வாழ்க்கைப் போராட்டத்திலிருந்து ஒதுங்குவதாகும் என்பது முற்போக்கு விமர்சகர் சிலரின் தீர்ப்பு. அழகியல்வாதிகளோ அதனைக் காலமும் இடமும் கடந்த அனுபவமாகக் கொள்வர். இரு சாராரும் ஒரே வினாவைத் தவிர்க்கின்றனர்: அப்பூச்சியைப் பார்ப்பவர் யார்? எத்தகைய உழைப்பின் நடுவே நின்று பார்க்கிறார்? பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் முன்னிறுத்தி இவ்வினாவை ஈண்டு நோக்குவோம்.

'தோட்டம்' என்ற சொல்லிலேயே முரண்பாடு தொடங்குகிறது. பூவும் காயும் தருவதே தோட்டம் என்பது பொதுவழக்கு. தேயிலைத் தோட்டமோ பூவை அடக்கியே நிலைபெறுகிறது. தேயிலையும் பூக்கும் தாவரமே. வெண்ணிற இதழ்களும் மஞ்சள் மகரந்தத் தாள்களும் கொண்ட அதன் பூவைப் பூச்சிகள் நாடவே செய்கின்றன. தன்போக்கில் விட்டால் மரமாக வளரும் அச்செடியைக் கவ்வாத்து வெட்டியும், ஏறத்தாழ வாரத்துக்கொரு முறை கொழுந்து பறித்தும் இடுப்பளவில் நிறுத்துகின்றனர். செடியின் வலு பூவுக்கும் விதைக்கும் செல்லாது தளிருக்கே செல்லவேண்டும் என்பது அவ்வுற்பத்தியின் நியதி.

ஊவாவின் கோடையும் இந்நியதிக்கு உட்பட்டதே. யூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைகளின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. அவ்வறட்சியே ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் தந்த நறுமணத்தை உண்டாக்குகிறது. துரை பங்களாவின் பூம்பாத்தியில் வண்ணத்துப்பூச்சிகள் பறக்கும் அதே பருவம், மலையில் கொழுந்து குறைந்து, குறித்த நிறை எடுக்க இயலாதவருக்கு 'அரைப்பேர்' விழும் பருவமாகவும் அமைந்துவிடலாம்.

1844 ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் மார்க்ஸ் இதன் பொதுமையை விளக்கினார். கவலையில் அமிழ்ந்த வறியவனுக்கு மிகச் சிறந்த காட்சியும் புலப்படாது. கனிப்பொருள் வணிகன் அதன் விலையை மட்டுமே காண்பான். மனிதப் புலன்கள் வரலாற்றால் உருவானவை என்பது அவரது துணிபு. ஆயின், அழகைக் காணும் புலனை மீட்பதும் போராட்டத்தின் ஒரு கூறேயாகும். லயத்தின் வாசலில், தமக்குச் சொந்தமற்ற மண்ணில், செவ்வந்தி நட்டு வளர்க்கும் கைகள் இவ்வுண்மையை விமர்சகர்களுக்கு முன்னரே அறிந்தவை.

மலையக இலக்கியத்தின் தலைப்புகளே இதற்குச் சான்று பகரும். சி. வி. வேலுப்பிள்ளை தமது ஆங்கில நெடுங்கவிதைக்கு 1954 இல் 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே' எனப் பொருள்படும் பெயரிட்டபோது, அத்தோட்டத்தின் உயிர்ப்பொருளாக வைத்தது மலரை அன்று, உழைப்பாளரை. கோகிலம் சுப்பையாவின் நாவல் 'தூரத்துப் பச்சை' (1964). பச்சை என்பது தூரத்தில் நிற்பவனின் காட்சி என்பதனை அத்தலைப்பே உணர்த்திவிடுகிறது.

இது நமது மரபுக்குப் புறம்பானதன்று. குறிஞ்சித் திணையில் தலைவி மலையழகை வேடிக்கை பார்ப்பவள் மட்டும் அல்லள்; தினைப்புனம் காப்பவள். கிளி அவளது தொழிலின் வழியாகவே பாட்டினுள் நுழைகிறது. பிற்காலத்தவர் பலர் அக்காட்சியைக் கடன்வாங்கினர், தொழிலை விட்டுவிட்டனர்.

எனவே வண்ணத்துப்பூச்சியைக் கவிதையிலிருந்து விரட்டுமாறு நாம் கோரவில்லை. தோட்டப் பாதையோர நாயுண்ணிப் பற்றையில் அது வந்தமரும்போது, கூடையுடன் நிறை பிடித்து நிற்கும் பெண்ணின் கண்ணால் அதனைக் காணும் கவிதையையே கோருகிறோம். அவள் ஒரு கணம் நின்று பார்ப்பதற்கு என்ன விலை கொடுக்க நேர்கிறது என்பதனை அக்கவிதை அறிந்திருத்தல் வேண்டும். அழகும் உண்மையும் அங்கே ஒன்றையொன்று மறுக்கமாட்டா.