விடுதலைப் பத்திரம்: ஒரு வாசிப்பு

'விடுதலை' என்ற சொல்லுக்கு வகுப்பில் நான் பல பொருள் சொல்லியிருக்கிறேன். பாரதியைப் பாடம் நடத்தும்போது ஒன்று, பெரியாரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் அதற்கு வேறொரு பொருள் உண்டென்று 2012இல்தான் தெரிந்துகொண்டேன். அங்கே விடுதலை என்பது ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தருவது.

அம்மா முன்பே போய்விட்டார். அப்பா இறந்த மறுவருடம், வேடசந்தூர்ப் பக்கத்தில் இருந்த நாலு ஏக்கர் மானாவாரி நிலத்தில் என் பாதியை அண்ணனுக்கு விடுதலை செய்து கொடுத்தேன். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள், ஏழு பக்கத் தமிழ்ப் பத்திரத்தைப் படிக்காமல் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டேன். பத்து வருடம் கழித்து மனுப் போட்டு நகல் வாங்கி, ஒரு பிரதியை வாசிப்பதுபோல் வாசித்தேன்.

முதல் வாக்கியம் ஆட்களைச் சொல்கிறது. அண்ணன் இன்னாரின் குமாரர், அத்தோடு முடிந்தது. நான் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி. கடைசிப் பக்கத்தில் நிலத்துக்குச் சக்குபந்தி எழுதியிருக்கிறது: வடக்கே யாருடைய புஞ்சை, கிழக்கே எந்த வண்டிப்பாதை என்று. நிலத்துக்கு எல்லை குறிப்பதும் எனக்கு அடையாளம் சொல்வதும் ஒரே முறையில்தான் நடக்கின்றன. சிலம்பின் வழக்குரை காதையில் பாண்டியன் 'நீ யார்' என்று கேட்கும்போது, கண்ணகியும் ஊரையும் மாமனாரையும் கணவனையும் சொல்லிவிட்டுத்தான் தன் பெயரைச் சொல்கிறாள். ஆனால் அவள் கையில் மற்றச் சிலம்பு இருந்தது. தன் சான்றைத் தானே கொண்டுபோய், தன் வாயால் வழக்குரைத்தாள். நான் கொண்டுபோனது அடையாள அட்டையும் பெருவிரலும்.

அடுத்து, காரணம் சொல்லும் பகுதி. எனக்குத் தக்கபடி நகை போட்டு, சீர்வரிசை செய்து, மணம் முடித்துக் கொடுத்துவிட்டபடியால் என்கிறது பத்திரம். வரதட்சணை கொடுப்பதையும் வாங்குவதையும் 1961ஆம் வருடச் சட்டம் குற்றமாக்கியது. அதே பொருள் சீர் என்று பெயர் மாற்றிக்கொண்டு, மகளின் சொத்துக் கணக்கில் வரவாக ஏறுகிறது. போனது வேறு வீட்டுக்கு. கணக்குத் தீர்ந்தது என் பேரில்.

பிறகு 'யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி முழுமனதுடன்' என்ற வரி. அண்ணனிடம் கூலி வாங்கிய பத்திர எழுத்தர் எழுதிய 'நான்' அது. பெண்கள் கவிதையில் 'நான்' என்று எழுதினால், அது கவிஞரின் சொந்தக் கதையா என்று விமர்சகர்கள் துருவுகிறார்கள். என்னிடமே மேடையில் கேட்டிருக்கிறார்கள். இந்த 'நான்' யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய கடமை அலுவலகத்துக்கு உண்டா? 1908ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி, வந்திருப்பவர் அந்த ஆள்தானா, எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா என்று பதிவாளர் விசாரிக்க வேண்டும். தன் முன்னிலையில் பணம் கைமாறினால் அதையும் பத்திரத்தில் குறிக்க வேண்டும். என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள். நீங்கதானா? உங்க கையெழுத்தா? பணம் வாங்கிட்டீங்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றேன். பிரதிபலன் ஐம்பதாயிரம் ரூபாய் ரொக்கமாக முன்பே பெற்றதாகப் பத்திரம் சொல்கிறது. அந்தப் பணத்தை நான் பார்த்ததில்லை. என் மகளுக்கு அப்போது காது குத்தவில்லை. அதற்குத் தாய்மாமன் மடி வேண்டும். பெற்றோர் போன பிறகு அண்ணன் வீடுதான் பிறந்த வீடு. உண்மையான பிரதிபலன் இதுதான். அதை எழுதப் பத்திரத்தில் இடமில்லை.

இந்தக் கையெழுத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் தகப்பனின் பங்கில் மகளுக்கு இடம் தந்தது. பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே வரும் உரிமையைத் தமிழ்நாடு 1989இல் கொடுத்தது. ஆனால் அவ்வருடம் மார்ச் 25க்கு முன் மணமானவர்களை விலக்கியது. ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லாத உரிமை தங்கைக்கு இருந்தது. 2005 செப்டம்பர் 9இல் நடப்புக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. அன்று தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

ஆக, எண்பது தொண்ணூறு வருடப் போராட்டம் எங்களைப் பதிவு அலுவலகத்தின் வாசல்வரை கூட்டிவந்தது. உரிமை வந்ததால்தான் கையெழுத்து தேவைப்பட்டது. கூப்பிட்டதோ வெளியே போகச் சொல்லிக் கையெழுத்து வாங்க. கிரயம் பேசுகிறவரின் வக்கீல் 'தங்கச்சி கையெழுத்து இல்லையா, வில்லங்கம்' என்கிறார். எங்கள் பங்கு அவர்கள் அகராதியில் வில்லங்கம். அதை நீக்குவதற்குப் பெயர் விடுதலை.

பத்து லட்சம் ரூபாய்வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் அரசு சலுகை தருகிறது. நல்ல காரியம். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கும் முத்திரைத்தீர்வைச் சலுகை உண்டு. பெண் சொத்து வாங்கவும் சலுகை, விட்டுக்கொடுக்கவும் சலுகை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பதிவு அலுவலகத்தில் புத்தகங்களுக்கு எண் உண்டு. நிலம் சம்பந்தமான பத்திரங்கள் ஏறுவது முதல் புத்தகம். இரண்டாவது, பதிய மறுத்தால் அதன் காரணத்தை எழுதிவைப்பது. இரண்டையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்படுபவர் 'நான் எழுதிக்கொடுக்கவில்லை' என்று சொன்னால் பதிவாளர் மறுத்தாக வேண்டும். காரணம் இரண்டாம் புத்தகத்தில் ஏறும். சம்மதித்தவளின் காரணம் எந்தப் புத்தகத்திலும் ஏறாது. முதல் புத்தகத்தில் எங்கள் பெயர்கள் 'எழுதிக் கொடுத்தவர்' என்ற இடத்தில் அடுக்கடுக்காக நிற்கின்றன. தமிழ்ப் பெண்கள் கையெழுத்திட்ட தன்மைக்கூற்று உரைநடையில் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கும் என்று நினைக்கிறேன். அதில் ஒரு வரியும் அவர்கள் எழுதியதல்ல.

எனக்கு அண்ணன்மேல் வழக்கில்லை. மகளுக்குக் காது குத்தியாயிற்று. மடி கொடுத்தார், தோடும் போட்டார். கையெழுத்துப் போட்டது தப்பு என்றும் சொல்ல மாட்டேன். படிக்காமல் போட்டதுதான் உறுத்துகிறது. படித்திருந்தால் சீர் பற்றிய வரியை அடிக்கச் சொல்லியிருப்பேன். வாங்காத பணத்தை வாங்கியதாகச் சொல்லாமல், தானமாகத் தருகிறேன் என்று எழுதச் சொல்லியிருப்பேன். இரண்டு ஏக்கரில் அரை ஏக்கரையாவது வைத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ.

சென்ற பருவத்தில் அந்த நகலில் பெயர்களையும் சர்வே எண்ணையும் மை பூசி மறைத்து, உரைநடை வகுப்பில் பாடமாகக் கொடுத்தேன். முடிந்ததும் ஒரு மாணவி என் மேசைப் பக்கம் வந்து நின்றாள். "மேம், எங்க வீட்டுல வர்ற முகூர்த்த நாளுக்கு டோக்கன் போட்டிருக்காங்க. அம்மாவையும் என்னையும் வரச் சொல்லியிருக்காங்க" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. நகலை அம்மாவிடம் காட்டிவிட்டுத் தருவதாகச் சொல்லி எடுத்துப்போனாள்.