நினைவும் திட்டமும்: எரேமியாவின் கடிதம் பற்றிய ஒரு நோக்கு

மனிதன் இறைவனை நினைந்துருகுதல் தமிழ்ப் பக்தி இலக்கியம் விரிவாகப் பாடிய பொருளாகும். இறைவன் மனிதனை நினைக்கிறார் என்பது கிறிஸ்தவ மறைநூல் மீண்டும் மீண்டும் வற்புறுத்தும் பொருளாகும். அந்நினைவின் இயல்பு யாது என்னும் வினாவுக்கு விடை கூற முற்படுவோர் பெரும்பாலும் எடுத்தாள்வது எரேமியா ஆகமத்தின் 29ஆம் அதிகாரத்துப் 11ஆம் வசனத்தையே. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் இடம்பெறும் இவ்வசனம், தனிமனிதனின் கல்வி, தொழில், திருமணம் ஆகியவற்றில் விரைவில் நன்மை வந்தே தீரும் என்னும் உறுதிமொழியாகவே பலராலும் கொள்ளப்படுகிறது. இக்கருத்து எத்துணை பொருந்தும் என்பதை வசனத்தின் சொல்லாட்சியையும் அது எழுந்த சூழலையும் கொண்டு ஆராய்தல் தகும். இடம்பெயர்ந்தோரின் வழிவந்த மலையகத் தமிழ் மக்களின் வரலாறு இவ்வாராய்ச்சிக்கு நல்லதோர் உரைகல்லாகும்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். மூலமாகிய எபிரேய மொழியில் இங்கு ஆளப்படும் சொல் ‘மஹஷாவா’ என்பதாகும். எண்ணம், கருத்து, வகுத்தமைத்த செயல் ஆகிய பொருள்களை அது தரும். யாத்திராகமத்தில் பொன்னிலும் வெள்ளியிலும் கைவினைஞன் கற்பித்துச் செய்யும் வேலைப்பாட்டுக்கும் இதே சொல் வழங்குகிறது. சீர்திருத்தத் திருச்சபையினரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும், 1871இல் நிறைவுற்ற பவர் மொழிபெயர்ப்பு இதனை ‘நினைவு’ எனத் தருகிறது. 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ‘திட்டம்’ எனத் தருகிறது. இன்றைய வழக்கில் நினைவு என்பது கடந்ததை மனத்தில் இருத்துதல் என்னும் பொருளுக்கே பெரிதும் ஒதுங்கிவிட்டமையால், பின்னையோர் வேறு சொல்லை நாடியது காரணமற்றதன்று. மூலச் சொல்லில் திட்டமிடுதல் என்னும் பொருளும் உண்டு.

எனினும், இம்மாற்றத்தால் ஓர் இழப்பு நேர்ந்துள்ளது. மூலத்தில் ஒரே வேரினின்றும் பிறந்த வினையும் பெயரும் அடுத்தடுத்து வருகின்றன. ‘நினை’ என்னும் வேரை மீட்டும் மீட்டும் ஆளுதலால் பவர் மொழிபெயர்ப்பு அவ்வியைபைக் காக்கிறது. அதற்கும் மேலாக, திட்டம் என்பது வகுத்தவனை விட்டுப் பிரிந்து தாளில் நிற்கக்கூடியது. நினைவோ நினைப்பவனை விட்டுப் பிரியாதது. ஒருவரை நினைத்தல் என்பது தமிழில் அவர்மீது பரிவு கொள்ளுதலையும் குறிக்கும். நாற்பதாம் சங்கீதத்தின் இறுதியில், எளியவனாகிய தன்மேல் கர்த்தர் நினைவாயிருக்கிறார் என்று பாடுபவன் ஆறுதலடைவதும் இப்பொருளிலேயே எனலாம்.

அடுத்து, சூழலை நோக்குவோம். கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைகொண்டு செல்லப்பட்ட மக்களுக்கு எரேமியா விடுத்த கடிதத்தின் ஒரு பகுதியே இவ்வசனம். இரண்டே ஆண்டுகளில் யாவரும் மீள்வர் என அனனியா என்னும் தீர்க்கன் கூறியிருந்தான். கேட்போருக்கு அது இனித்தது. எரேமியாவோ எழுபது ஆண்டுகள் செல்லும் என்றான். கடிதத்தைக் கேட்ட வயதுவந்தோருள் பெரும்பாலோர் அந்நிய மண்ணிலேயே மடிவர் என்பதே இதன் பொருள். ஆகவே இங்குப் பேசப்படும் நன்மை தனியொருவனுக்கு விரைந்து கிட்டும் பேறன்று. ஒரு மக்கட் கூட்டத்துக்கு, அதன் பேரப்பிள்ளைகள் காலத்தில் வந்தெய்தும் வாழ்வு. வசனத்தில் முன்னிலை பன்மையாக அமைந்திருத்தலும் இதனை வலியுறுத்தும். வசனத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தனிநலத்துக்கு உரியதாக்குவோர், எரேமியாவின் பெயரால் அனனியாவின் செய்தியையே கூறுகின்றனர்.

இனி, மலையகத்தை நோக்குவோம். தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தொழிலாளரிடையே 1854இல் தொடங்கிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ வாயிலாக உபதேசியார்கள் தோட்டந்தோறும் சென்று மறைநூலைப் போதித்தனர். அன்று தொடங்கி அம்மக்களைப் பற்றித் திட்டம் வகுத்தோர் பலர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை சரிபாதியாகப் பிரித்தது. கண்டிப் பக்கமிருந்து கடுகண்ணாவைக் கணவாயிறங்கி, ரம்புக்கனையைக் கடந்து, பொல்கஹவெலவில் வடக்கே திரும்பித் தலைமன்னாரை அடைந்த புகையிரதப் பாதையே அப்பங்கீட்டின் பாதையாயிற்று. உறவினர் பிரிந்து அழுத அப்புகையிரதத்தை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே அழைத்தனர். இத்திட்டங்களில் எண்கள் இருந்தன, நினைவு இருக்கவில்லை. இத்தகைய மக்கள்முன் இறைவனுக்கும் ஒரு திட்டம் உண்டு என்று கூறுதல் எவ்வாறு ஒலிக்கும்? ‘நினைவு’ என்னும் பழஞ்சொல்லின் அருமை இவ்விடத்தில் புலனாகிறது.

எனினும், எழுபது ஆண்டுகள் பொறுத்திருக்கச் சொல்லும் மறை, உழைப்போரை அடங்கியிருக்கச் செய்யும் கருவியாகாதோ என ஒருவர் வினவலாம். வினா நியாயமானது, பொறுமையை மட்டுமே போதித்த பிரசங்கங்கள் இல்லாமலில்லை. ஆனால் கடிதம் வெறும் பொறுமையைக் கூறவில்லை. வீடுகளைக் கட்டிக் குடியிருக்கவும், தோட்டங்களை நாட்டி அவற்றின் பலனைப் புசிக்கவும், வாழும் நகரத்தின் நலனைத் தேடவும் அது பணிக்கிறது. ரம்புக்கனையைச் சூழ்ந்த கேகாலை மாவட்டத்து மலைச்சரிவுகளில் தேயிலை நாட்டியும் றப்பர்ப் பால் வெட்டியும் தலைமுறைகளைக் கழித்தோர் தோட்டத்தை நாட்டினர், பலன் அவர்களதாகவில்லை. லயக் காம்பராவில் குடியிருந்தனர், வீடு அவர்களதாகவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்ற நிலைக்கு முடிவு காண வழிசெய்தபோதும், காணியும் வீடும் பலருக்கு இன்றும் கோரிக்கையாகவே உள்ளன. இறைவனின் நினைவு சமாதானத்துக்கு ஏதுவானது என்று நம்புவோர், அந்நினைவு உருக்கொள்ளும் இடமாகக் கடிதம் காட்டும் வீட்டையும் தோட்டத்தையும் மறந்துவிட முடியாது.

ஆகவே, கிறிஸ்தவ நம்பிக்கையில் இறைவனின் எண்ணம் என்பது முன்கூட்டி எழுதி முடித்த விதியுமன்று. வேண்டியதை வேண்டியவுடன் தரும் வாக்குமன்று. நெடுங்காலம் துன்புறும் மக்களை மறவாதிருக்கும் பரிவு அது. அவர்கள் வேரூன்றி வாழ வேண்டும் என்னும் விருப்பம் அது. நாட்காட்டியின் ஒற்றை வரியாக வாசிப்போருக்கு அதன் இனிமை மட்டுமே கிட்டும். முழுக் கடிதத்தையும் வாசிப்போருக்கு, அயலவரின் வீட்டுக்கும் காணிக்கும் குரல் கொடுக்கும் கடமையும் சேர்ந்தே கிட்டும்.