மாரித் தெய்வமும் மலைநாட்டு வானமும்

வானத்தை வியவாத இனமும் இல்லை. வானத்திற்கு அஞ்சாத இனமும் இல்லை. இரவிலே மீன்களாய் நின்று வழிகாட்டுவதும் அவ்வானமே. இடியாய் இறங்கி உயிர் குடிப்பதும் அவ்வானமே. ஆதலின், அதன் ஒளியையும் சீற்றத்தையும் தெய்வமாகக் கண்டு வழிபடும் வழக்கம் உலகெங்கும் காணப்படுவதில் வியப்பில்லை. கிரேக்கர்க்கு முகில் திரட்டும் ஜீயஸ், வடபுலத்தார்க்குச் சம்மட்டி ஏந்திய தோர், கானானியர்க்குப் பாகால், ஆபிரிக்க யொரூபா மக்களுக்குச் சாங்கோ, மெக்சிக்கோவின் அசுத்தெக்கர்க்குத் திலாலோக், வேதகால ஆரியர்க்கு இந்திரன் என வரிசை நீளும். இரவு வானத்திற்கும் தெய்வங்கள் பல. எகிப்தியர் தம் நூத் என்னும் அன்னையை உலகின்மேல் வளைந்து நிற்கும் விண்ணுடலாகக் கண்டனர். சப்பானியர் திங்கட் கடவுளையும் புயற் கடவுளையும் உடன்பிறந்தோராக்கினர்.

இவ்வரிசையை ஓர் அட்டவணையாக்கி, இன்னார்க்கு இன்னார் நிகர் என்று காட்டுவதே ஒப்பியற் புராண ஆராய்ச்சியின் தொடக்ககாலத் தொழிலாயிருந்தது. மாக்ஸ் முல்லர் 1856இல் வெளியிட்ட கட்டுரை அத்துறைக்கு வழிகோலியது. வேதத்துத் தியௌஸ், கிரேக்கரின் ஜீயஸ், உரோமரின் ஜூபிட்டர் என்னும் மூன்று பெயரும் ஒரு வேரிற் பிறந்தவை என்ற உண்மை அவ்வாராய்ச்சியின் அழியாப் பேறு. ஆயினும் பெயரின் வேரைக் கண்டோர் வழிபாட்டின் வேரையும் கண்டுவிட்டதாகக் கருதியது பிழையாயிற்று. தெய்வம் எதனைக் குறிக்கிறது என்று அவர் கேட்டனர். தெய்வத்திடம் மக்கள் எதனை வேண்டுகின்றனர் என்று கேட்கவில்லை. முதல் வினாவிற்கு அகராதி விடை தரும். இரண்டாவதற்கு விடை காண, மக்கள் வாழும் நிலத்திற்கே செல்லுதல் வேண்டும்.

அவ்வாறு செல்லத்தக்க நிலங்களுள் உடப்புசல்லாவை ஒன்று. நுவரெலியா மாவட்டத்தில், மத்திய மலைகளின் கிழக்குச் சரிவில் அமைந்த தேயிலை நாடு அது. இரு காற்றுகள் அதன் ஆண்டினைப் பகுக்கின்றன. தென்மேற்குக் காற்று தன் நீரை மேற்கு மலைகளிற் சொரிந்துவிட்டு, இச்சரிவில் வறண்டே இறங்கும். யூலை முதல் செப்டெம்பர் வரையான அவ்வறண்ட காற்றிலேதான் இப்பகுதித் தேயிலைக்குப் பெயர் தந்த நறுமணம் கூடுகிறது. வடகீழ்க் காற்றோ கார்த்திகை, மார்கழியில் நேரே மோதிப் பெருமழை கொணரும். மழை குறைந்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் தொழிலாளிக்கு அரைப்பேரே விழும். மழை மிகுந்தால் மலை நெகிழும். வானம் தருவதும் கெடுப்பதும் ஒரே கையால் என்பது இங்கே ஏட்டுக் கருத்தன்று, அன்றாட வாழ்வு.

இம்மலைக்கு வந்த தமிழர் தம்முடன் கொணர்ந்த மழைத் தெய்வம் யாது? இந்திரன் அல்லன். இதனை விளங்கிக்கொள்ளத் தமிழ்நாட்டில் இந்திரன் அடைந்த நிலையை முதலில் நோக்குதல் தகும். தொல்காப்பியம் மருத நிலத்திற்கு வேந்தனைத் தெய்வமாக வகுத்தது. உரையாசிரியர் அவனை இந்திரன் என்றனர். சிலப்பதிகாரம் புகார் நகரத்து இந்திர விழாவிற்கு ஒரு காதையையே அளித்தது. மணிமேகலையோ, சோழமன்னன் மைந்தனை இழந்த துயரில் அவ்விழாவை மறந்தமையாற் புகாரைக் கடல் கொண்டது எனக் கூறும். நகரும் மறைந்தது, விழாவும் மறைந்தது. அதன்பின் இந்திரன் புராணங்களிலே வானோர் வேந்தனாய் எஞ்சினானேயன்றி, உழவனின் கண்ணீரைத் துடைக்கும் தெய்வமாய் ஊர்களில் எஞ்சவில்லை. வச்சிரப்படை ஏந்திய வீரன் விலகிய இடத்தில், வேப்பிலை ஏந்திய அன்னை வந்து அமர்ந்தாள்.

மாரி என்னும் பெயர்க்கு இருவகை விளக்கம் உண்டு. மழையைக் குறிக்கும் தமிழ்ச்சொல் அது என்பர் ஒரு சாரார். கொள்ளைநோயைக் குறிக்கும் வடசொல் என்பர் மற்றொரு சாரார். சொல்லாராய்ச்சி எப்பக்கம் சாயினும், வழிபாட்டில் இரண்டும் ஒன்றாகவே நிற்கின்றன. வெயில் முதிர்ந்து மழை பொய்க்குங்கால் அம்மை பரவும். மழை பெய்து நிலம் குளிருங்கால் நோயும் தணியும் என்பது மக்கள் கொண்ட கருத்து. ஆகவே நோயைத் தருபவளும் தணிப்பவளும், மழையை மறுப்பவளும் அளிப்பவளும் ஒருத்தியே ஆயினாள்.

இவ்விணைப்பு பிற்காலத்தது அன்று. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை இதற்குச் சான்று. கண்ணகியின் சினத்திற்குப்பின் பாண்டிநாட்டில் மழை வறந்தது. வெப்புநோயும் கொப்புளநோயும் தொடர்ந்தன. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் அவளுக்கு விழாவெடுக்கவே மழை பெய்தது, நோய் நீங்கியது. இலங்கைக் கயவாகுவும் கோயில் எடுக்க, அவன் நாடும் மழைவளம் பெற்றது என அக்கட்டுரை உரைக்கும். ஈழத்துச் சிங்கள மக்கள் பத்தினித் தெய்வத்தை வறட்சிக்கும் நோய்க்கும் இன்றும் வேண்டுகின்றனர். நீதி இழந்த பெண்ணொருத்தியின் சினமே வறட்சியாகிறது. அச்சினம் தணிதலே மழையாகிறது. இந்திரனும் ஜீயஸும் ஆற்றலாற் பொழிவிப்பவர். இவளோ அறம் நிலைபெற்றபோது பொழிபவள். இவ்வேறுபாட்டை அட்டவணை காட்டாது.

ஒப்புநோக்கு முற்றும் பயனற்றது என்பது இதன் கருத்தன்று. அசுத்தெக்கரின் திலாலோக் மழையை அளிப்பவன் மட்டும் அல்லன்; சில நோய்களையும் விடுப்பவன். இடியாலும் நீராலும் அந்நோய்களாலும் இறந்தோர் அவனுலகிற் சேர்வர் என்று அம்மக்கள் நம்பினர். பெயராலும் குலத்தாலும் யாதொரு தொடர்புமில்லாத இத்தெய்வம், உறவினனான இந்திரனைவிட மாரிக்கு நெருங்கி நிற்கிறது. காரணம், இருவரிடமும் வேண்டப்படுவது ஒன்றாக இருத்தலே.

1876 முதல் 1878 வரை தமிழகத்தை வாட்டிய தாதுவருடப் பஞ்சம் போன்ற வறட்சிகளால் துரத்தப்பட்டு மலையேறிய மக்கள், மழை வேண்டி அழைத்த அன்னையையே உடன்கொண்டு வந்தனர். வழிநடையில் வாந்திபேதிக்கும் அம்மைக்கும் பலரைப் பறிகொடுத்தனர். எஞ்சியோர் தோட்டந்தோறும் அவளுக்குக் கோயில் எடுத்தனர். இன்றும் கரகமும் பாற்குடமும் மஞ்சள்நீரும் அவள் திருவிழாவின் அங்கங்கள். ஆனால் அவர்கள் வந்து சேர்ந்த மலையில் மழைக்குப் பஞ்சமில்லை. காய்ந்த கரிசலில் ‘தாயே வருக’ என்று அழைக்கப்பட்டவளை, நனைந்த மலையில் ‘தாயே அமைக’ என்றும் வேண்டவேண்டியதாயிற்று. தெய்வம் மாறவில்லை, பெயரும் மாறவில்லை, வேண்டுதல் திரும்பிவிட்டது. அம்மை நோய்களுட் கொடியதான பெரியம்மை ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தபின், அவளிடம் அஞ்சவேண்டியதன் ஒரு பாதி அகன்றது. மற்றப் பாதி வானத்திலேயே உள்ளது.

இந்திரன் முற்றிலும் மறக்கப்பட்டானா எனின், அதுவும் இல்லை. இடி இடிக்குங்கால் ‘அருச்சுனா, அருச்சுனா’ என்று கூவும் வழக்கம் தமிழரிடையே பரவலாக உண்டு. இடியை எறிபவன் தந்தை, அழைக்கப்படுபவன் மைந்தன். இது முரண்போலத் தோன்றினும் முரணன்று. காண்டவ வனத்தைத் தீக்கடவுள் உண்டபோது இந்திரன் பெருமழை பொழிந்தான். அருச்சுனன் அம்புக்கூடம் அமைத்து அம்மழையைத் தடுத்தான் என்பது பாரதக் கதை. தந்தையின் புயலைத் தடுத்த மைந்தனையே, தலைக்குமேல் இடி உறுமும்போது மக்கள் நினைக்கின்றனர். அவன் தவம் புரிந்த கதை ‘அருச்சுனன் தபசு’ என்னும் கூத்தாகத் தமிழகத்தில் மழை வேண்டி நிகழ்த்தப்படுவது உண்டு. மலையகக் கூத்துகளுள்ளும் அது சிறப்புடையது. ஒரே பெயர் மழையை அழைக்கவும் உதவுகிறது. இடியை விலக்கவும் உதவுகிறது. புயலுக்குத் தெய்வம் யார் என்ற வினாவிற்கு இங்கே விடையில்லை. புயலை அளவுபடுத்துபவர் யார் என்ற வினாவிற்கோ தெளிவான விடை உண்டு.

புயலிலிருந்து இரவு வானத்திற்குத் திரும்பினும் இவ்வுண்மையே புலப்படும். கார்த்திகை மீன்களாகிய அறுமீனை எடுத்துக்கொள்ளலாம். குறிஞ்சித் தெய்வமாகிய சேயோனைப் பாலூட்டி வளர்த்த அன்னையர் அவர் என்பது தமிழர் கண்ட உறவு. மலைத் தெய்வத்திற்கு வான்மீன்கள் செவிலியர் ஆயினர். கிரேக்கப் புலவர் எசியட், அம்மீன்கள் எழுங்கால் அறுவடையும் மறையுங்கால் உழவும் தொடங்குக என்றார். அவை கடலில் விழும் பருவத்தில் காற்றுகள் சீறுமாதலின் கலத்தைக் கரையேற்றுக என்றும் எச்சரித்தார். தென்னமெரிக்காவின் பெரு, பொலிவியா மலைநாட்டு உழவர் யூன் மாத இறுதியில் விடியற்கு முன் அம்மீன்களை நோக்குவர். அவை மங்கித் தோன்றின் மழை குறையும் எனக் கொண்டு கிழங்கு நடுதலைத் தள்ளிவைப்பர். எல் நினோ ஆண்டுகளில் உயரத்து மென்முகில் மிகுந்து மீன்களை மங்கச் செய்வதையும், அவ்வாண்டுகளில் அங்கு மழை குறைவதையும் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. வழிபாடாகத் தோன்றியதனுள் நுண்ணிய அவதானிப்பு ஒளிந்திருந்தது.

தமிழரும் மீனையும் மழையையும் பிரித்து நோக்கியவர் அல்லர். வெள்ளி தென்றிசை சாய்ந்தால் மழை பொய்க்கும் என்னும் அச்சம் சங்கநூல்களிற் பலவிடத்து வரும். அவ்வாறு சாய்ந்த காலத்தும் காவிரி பொய்யாதென்றே பட்டினப்பாலை தொடங்குகிறது. கார்த்திகை விளக்கீட்டைப் பாடும் அகநானூற்றுப் புலவர், முகில் நீங்கித் தெளிந்த வானில் முழுமதி அறுமீனைச் சேரும் நள்ளிரவை அதற்கு அரங்காக அமைத்தார். அங்கே விளக்கு மழை ஓய்ந்ததன் மகிழ்ச்சி. உடப்புசல்லாவையிலோ திருக்கார்த்திகை வடகீழ் மழையின் நடுவிலே வருகிறது. அறுமீன் உச்சியை நெருங்கும் அவ்விரவுகளிற் பெரும்பாலும் முகிலே வானை மூடிநிற்கும். ஆகவே அங்கே லயத்து வாயிலில் ஏற்றப்படும் அகல், கண்ட மீனின் சாயலன்று. காணாத மீனுக்கு ஈடு. பழம்பாட்டை மட்டும் கொண்டு விழாவிற்குப் பொருள் கூறுவோர் இவ்வேறுபாட்டைத் தவறவிடுவர்.

இவ்வேறுபாடு வெறும் இலக்கிய நயம் அன்று என்பதை அண்மைக்கால நிகழ்வுகள் உணர்த்தின. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. 2025 நவம்பர் 28இல் இலங்கையைத் தாக்கிய டித்வா சூறாவளியால் நாடெங்கும் 600இற்கு மேற்பட்டோர் மாண்டனர். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் மண்சரிவுகள் பேரழிவு விளைத்தன. அச்சூறாவளி கடந்து ஒரு கிழமை நிரம்புமுன்னரே, டிசம்பர் 3இல், திருக்கார்த்திகை வந்தது.

இத்தகைய அழிவை அன்னையின் சீற்றம் என்று கூறிமுடிப்போர் உளர். இயற்கையின் சீற்றம் என்று கூறிமுடிப்போரும் உளர். இரண்டும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். முன்னது ஒப்பியலாரின் அட்டவணையைப் பத்தியின் மொழியிற் கூறுவது. பின்னது அதனையே அறிவியலின் மொழியிற் கூறுவது. இரண்டினுள்ளும் மனிதன் இல்லை. தமிழ் மரபு அவ்வாறு கூறவில்லை. கண்ணகி கதையில் மழை பொய்த்ததற்குக் காரணம் வானம் அன்று. மன்னனின் முறைபிறழ்ந்த தீர்ப்பு. வான்சிறப்பைக் கடவுள் வாழ்த்திற்கு அடுத்து வைத்த வள்ளுவரும், அரசன் முறைகோடினால் மழை ஒழியும் என்று பொறுப்பை ஆள்வோர்மேலேயே சுமத்தினார். கோவர்த்தன மலையைக் குடையாக எடுத்துக் கண்ணன் ஆயரைக் காத்த கதையிலும் பொருள் இதுவே: புயல் வருங்கால் ஒதுங்கத்தக்க இடம் அளிப்பவனே வணங்கத்தக்கவன்.

ஆயருக்குக் குடையான மலை, தோட்டத் தொழிலாளருக்குப் பகையானது எவ்வாறு? சரிவில் லயத்தை அமைத்தது மாரியன்று. முன்னரே எச்சரிக்கப்பட்ட இடத்தில் மக்களை இருத்தியதும், மாற்றுக் காணியும் வீடும் அளிக்காது காலம் கடத்தியதும் மாரியல்லள். பழைய மரபின் அளவுகோலைக் கைக்கொள்வோர், மண்சரிவுக்குப்பின் வானத்தை நோக்கிக் கேட்பதற்குமுன் நிலத்தை ஆள்வோரை நோக்கிக் கேட்பர்.

புராணங்களை ஒப்புநோக்கும் கலை இந்நிலைக்கு உயரும்போதே பயனுடையதாகும். இந்திரனும் தோரும் ஒருவரா இருவரா என்பதை அறிதல் கல்வி. மாரியை வேண்டும் மக்கள் வேண்டுவது அளவையே என்பதை அறிதல் அதனினும் மேலான கல்வி. கொழுந்து துளிர்க்கும் அளவிற்கு மழை, மலை நெகிழாத அளவிற்கு ஓய்வு, மழை மிகுந்த இரவிலும் சரியாத மனை: இவற்றுள் முதலிரண்டும் வானத்தின் கையில் உள்ளன. மூன்றாவது மனிதர் கையில் உள்ளது. அது நிறைவேறும் நாளில், முகில் மூடிய கார்த்திகை இரவிலும் லயத்து அகல் அச்சமின்றி எரியும்.