நான்கு நூல் இடைவெளி

ஐப்பசி அடைமழையில் கடலூர் வீடுகளின் பழைய மேசை இழுப்பறைகள் பிடிவாதம் பிடிக்கும். மரம் ஈரத்தைக் குடித்து இழையின் குறுக்கே உப்பும். கட்டைமேல் கட்டை உரசும் இழுப்பறை அங்கேயே இறுகிவிடும். தச்சர் சீவிக் கொடுத்தால், பங்குனி வெயிலில் அதுவே கடகடவென ஆடும். இழுப்பறையின் இரு பக்கமும் பொருத்தும் பால் பேரிங் சேனல் இந்தப் பருவச் சண்டையிலிருந்து விலகிக்கொள்கிறது. இழுப்பறைப் பெட்டிக்கும் மேசைக்கும் நடுவே பக்கத்துக்கு நான்கு நூல், அதாவது அரை அங்குலம், இடம்; மரம் மரத்தைத் தொடுவதே இல்லை. எடை முழுவதும் எஃகுக் குண்டுகளின்மேல் உருள்கிறது. ஆனித் திருமஞ்சனத்தில் சிதம்பரம் தேரைச் சக்கரமில்லாமல் இழுக்கச் சொன்னால் யார் வடம் பிடிப்பார்கள்?

கடையில் வாங்கும் சேனலில் கைவேலை எங்கே என்று கேட்கலாம். வேலை போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. பழைய இழுப்பறை சற்றுக் கோணினாலும் இழைப்புளி காப்பாற்றிவிடும். சேனலுக்கு அந்தத் தயவு கிடையாது. பெட்டி ஒரு மில்லிமீட்டர் அகன்றாலே முரண்டும். அதனால் மூலைமட்டம் வைத்து, மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் சமமா என்று பார்ப்பவரே ஜெயிக்கிறார். முதலில் சேனலின் நீள்துளையில் மட்டும் திருகிட்டு, ஏற்றி இறக்கிச் சரிபார்த்த பிறகு வட்டத் துளையை முடுக்குவதில் அனுபவம் தெரியும். உப்புக்காற்றில் துருப்பிடிக்குமே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். துத்தநாகப் பூச்சு துருவைத் தாமதப்படுத்தும், தடுக்காது. தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய வீட்டுக்கு, செலவானாலும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் நியாயம். உள்ளே தள்ளியிருக்கும் சிதம்பரத்துக்கு அவ்வளவு தேவையில்லை. துருவேறிய சேனலைச் சில திருகுகளில் கழற்றி மாற்றிவிடலாம். தேய்ந்த மரத்தடத்துக்கோ பல சமயம் மேசையையே பிரிக்க வேண்டிவரும்.