துணை நாயகர் வளர்ச்சி: சொனிக் விளையாட்டுக்கள் பற்றிய ஒரு நோக்கு

கம்பராமாயணத்திலே, கடலைக் கடக்க வழியறியாது திகைத்து நின்ற வானர வீரரிடையே அநுமனும் இருந்தான். கடலைத் தாவும் ஆற்றல் அவனிடத்து முன்னரே உண்டு. ஆயினும் அதனை எடுத்துரைக்கச் சாம்பவன் என்னும் முதியோன் வேண்டியிருந்தது. அதன்பின் அநுமன் புரிந்த அருஞ்செயல்கள் இராமன் அருகில்லாத இடத்திலேயே நிகழ்ந்தன. சுந்தர காண்டத்தின் பெரும்பகுதியிலே காப்பியத் தலைவன் தொலைவிலே இருக்கின்றான். துணை நாயகன் வளரவேண்டுமாயின் தலைமை நாயகன் சற்று விலகி நிற்றல் வேண்டும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இக்காலத்து மாணவர் பலர் தம் முதற் கதைகளை ஏட்டிலே கற்பதில்லை; வீடியோ விளையாட்டுக்களிலேயே கற்கின்றனர். ஆகவே அவ்விளையாட்டுக்களிலே துணை நாயகர்க்கு நேர்ந்த கதியையும், இனி நேரத்தக்க வளர்ச்சியையும் ஆராய்தல் விமர்சகர் கடனாகின்றது. ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுவது யப்பானிய நிறுவனமாகிய செகா வெளியிட்டுவரும் சொனிக் வரிசையாகும்.

1991ஆம் ஆண்டிலே தோன்றிய முதல் விளையாட்டில் சொனிக் தனியனாகவே வந்தான். நீலநிற முள்ளெலியாகிய அவனுக்கு விரைவே குணம், விரைவே படைக்கலம். எக்மான் என்னும் விஞ்ஞானி சிற்றுயிர்களை இயந்திரங்களுட் சிறையிட, அவற்றை விடுவிப்பது சொனிக்கின் தொழில். 1992இல் வந்த இரண்டாம் விளையாட்டிலே இரட்டை வாலுடைய நரிக்குட்டி ஒன்று அவனைப் பின்தொடர்ந்தது. டெயில்ஸ் எனப்படும் அக்குட்டியே இக்கட்டுரையின் முதன்மைப் பொருள். 1993இல் ஏமி என்னும் பெண் முள்ளெலியும், 1994இல் நக்கிள்ஸ் என்னும் காவலனும் அவர்களோடு சேர்ந்தனர்.

டெயில்ஸ் முதன்முதல் அமைக்கப்பட்ட முறை கூர்ந்து நோக்கத்தக்கது. கொன்ட்ரோலர் எனப்படும் கைக்கருவி இரண்டிருப்பின், முதலாவதனை ஏந்துவோர் சொனிக்கையும் இரண்டாவதனை ஏந்துவோர் டெயில்ஸையும் இயக்கலாம். ஆனால் திரை சொனிக்கையே தொடர்ந்து செல்லும். டெயில்ஸ் பின்தங்கினாலும் படுகுழியில் வீழ்ந்தாலும் ஆட்டத்துக்கு நட்டமில்லை. சிறிது பொழுதிற் பறந்துவந்து மீண்டும் சேர்ந்துகொள்வான். வீட்டிலே மூத்தவனோடு ஆட விரும்பும் இளையவனுக்கு இதனினும் பொருத்தமான இடம் வேறில்லை. எனினும் அவ்விடத்தின் இயல்பையும் மறத்தலாகாது. வீழ்ந்தாலும் கணக்கில் வாராதவன் நிலைத்து நின்றாலும் கணக்கில் வாரான். டெயில்ஸின் கதை முழுவதும் இக்கணக்கிலே இடம்பெற முயலும் முயற்சியெனலாம்.

அம்முயற்சி முதன்முதல் கைகூடியது 1998இல் வெளிவந்த 'சொனிக் அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டிலாகும். இதிலே ஒரே கதை அறுவர் நிலையினின்று கூறப்படுகின்றது. டெயில்ஸுக்கெனத் தனிப்பகுதி உண்டு. சோதனைக்காகச் செலுத்திய விமானத்தோடு வீழ்ந்து, சொனிக்காற் காப்பாற்றப்படும் நிலையிலேயே அவன் கதை தொடங்குகின்றது. முடிவிலே எக்மான் நகரத்தின்மீது ஏவிய ஏவுகணை வெடியாது கிடக்க, அதனை வெடிக்கச் செய்ய எக்மானே விரைகின்றான். சொனிக் அருகிலில்லை. டெயில்ஸ் தனித்து நின்று அவனை வெல்ல, நகரமாந்தர் நரிக்குட்டியைச் சூழ்ந்து வாழ்த்துகின்றனர்.

இவ்வளவும் கதைச் சுருக்கமே, சிறப்பு இதிலன்று. டெயில்ஸின் கட்டங்கள் யாவும் பந்தயங்களாக அமைந்துள்ளன. பெரும்பாலானவற்றில் அவன் சொனிக்கோடே ஓடவேண்டும். சொனிக்கின் விரைவு அவனுக்கில்லாமையால் வாலைச் சுழற்றிப் பறந்து, குறுக்குவழி கண்டு, முந்துதல் வேண்டும். இறுதிப் பந்தயத்திலோ எதிரே ஓடுபவன் எக்மான். பின்தொடர்ந்தவன் முதலிலே தன் முன்மாதிரியை முந்தக் கற்று, பின்னர் அக்கல்வியைப் பகைவனிடத்துப் பயன்படுத்துகின்றான். எவரும் வாய்திறந்து 'நீ வளர்ந்துவிட்டாய்' என்று கூறாவிடினும் விளையாடுவோன் கை அதனை உணரும். நாடகத்திற்குச் செய்கை எத்தகையதோ, இக்கலைக்கு விளையாடுவோன் கைத்தொழில் அத்தகையது. பாத்திரம் ஒன்று வளர்ந்ததென்பதற்கு அதன் பேச்சைவிட அதனை இயக்கியவர் விரல்களே உறுதியான சாட்சி.

பின்வந்த ஆண்டுகளில் இவ்வளர்ச்சி சிலவேளை நினைவுகூரப்பட்டது, பலவேளை மறக்கப்பட்டது. 2013இல் வெளிவந்த 'சொனிக் லொஸ்ட் வேர்ல்ட்' விளையாட்டிலே, சொனிக் தன்னினும் எக்மானை நம்புகின்றான் என்று டெயில்ஸ் வருந்துமிடம் ஒன்றுண்டு. தொடர்ந்திருக்கவேண்டிய நல்ல இழை அது. ஆனால் 2017இல் வந்த 'சொனிக் ஃபோர்ஸஸ்' அவ்விழையை அறுத்தெறிந்தது. சொனிக் பகைவராற் சிறைப்பட, உலகின் பெரும்பகுதி எக்மான் வசமாகின்றது. தலைவன் இல்லாத அவ்வேளையன்றோ துணைவன் எழவேண்டிய வேளை! கேயாஸ் என்னும் நீர்வடிவப் பகை எதிர்ப்பட்டபோது டெயில்ஸ் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தி, அங்கில்லாத சொனிக்கைக் கூவியழைக்கின்றான். 1998இல் இதே கேயாஸை எதிர்த்துப் போரிட்டவன் இவனே என்பதை நினைந்தோர்க்கு இக்காட்சி பெரும் ஏமாற்றமாயிற்று.

அச்சம் குற்றமன்று. துணைவனை இழந்த சிறுவன் மனமுடைதலும் இயல்பே. அச்சத்துக்குப் பின் எழுச்சி காட்டப்படாமையே குறை. அது காட்டப்படாமைக்குக் காரணமும் வெளிப்படை: அவ்விளையாட்டிலே டெயில்ஸை எவரும் இயக்க முடியாது. விளையாடுவோர் தாமே உருவமைத்துக்கொள்ளும் புதுவீரன் ஒருவன் அதிலுண்டு. அஞ்சித் தொடங்கித் துணிவு பெறும் கதை அவனுக்கு வழங்கப்பட்டது. ஒரே கதையில் இருவர்க்கு அவ்வளர்ச்சியை அளிக்க இடமின்றி, இருபத்தைந்து ஆண்டு பழகிய பாத்திரத்தினிடமிருந்து அது பறிக்கப்பட்டதென்றே கொள்ளவேண்டும்.

சொனிக் சித்திரக்கதைகளைப் பல்லாண்டு எழுதிய இயன் பிளின் 2022இல் வெளியான 'சொனிக் ஃபுரொன்டியர்ஸ்' விளையாட்டின் கதையை எழுதினார். அதிலே டெயில்ஸ் தன் நிலையைத் தானே ஆராய்கின்றான்: ஒருகால் உலகைக் காக்கும் துணிவும் மறுகால் ஒடுங்கி நடுங்கும் இயல்பும் தன்னிடத்து மாறிமாறி வருவதை எண்ணி வெட்கமுறுகின்றான். எழுத்தாளர் பலர் கைப்பட்ட முரண்பாட்டைப் பாத்திரத்தின் மனக்குறையாகவே மாற்றியது நுட்பமான உத்தி. சொனிக் ஈண்டுச் சாம்பவன் தொழிலைச் செய்கின்றான். மறந்த ஆற்றலை நினைவூட்டுகின்றான். இறுதியில் டெயில்ஸ் தன்வழியே தனித்துச் செல்லத் துணிகின்றான். ஆயினும் இத்தனையும் உரையாடலிலே நிகழ்கின்றது. 2023இல் இலவசமாகச் சேர்க்கப்பட்ட இறுதிப் பகுதியிலே டெயில்ஸ், நக்கிள்ஸ், ஏமி மூவரையும் இயக்க இடமளித்தமை குறையை ஓரளவு போக்கியது. முற்றும் போக்கியதென்று கூறுதல் மிகையாகும்.

இத்தகைய பாத்திரங்களுக்கு வளர்ச்சி தேவையே இல்லை என்பாரும் உளர். டெயில்ஸ் என்றும் எட்டு வயதினன். ஆண்டுதோறும் புதுச்சிறுவர் விளையாட வருகின்றனர். அவர்கட்கு முதல்நாட் கண்ட டெயில்ஸே வேண்டும் என்பது அன்னார் வாதம். வணிக நோக்கில் இதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஆனால் வயது ஏறாமலே நினைவு ஏறலாம். நேற்றுச் செய்ததை இன்று அறிந்திருத்தலே போதும். புதிதாக வரும் சிறுவனுக்கு அது தடையுமாகாது. துணிவுள்ள சிறுவனொருவனைக் காண்பதற்கு அவனது முழு வரலாறும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எனின், வருங்காலத்து டெயில்ஸ் எங்ஙனம் அமைதல் தகும்? அவன் தனித்துச் செல்லும் கதையிலே முதலில் அவன் தோற்கவேண்டும். அவன் காப்பதாக வாக்களித்த ஊருக்கு அவன் அமைத்த பொறியே பழுதாகித் தீங்கு விளைக்க, வானிலே நீலக்கோடு எதுவும் தோன்றாதிருத்தல் வேண்டும். அப்பிழையைத் திருத்தும் வேலை விளையாடுவோன் கையிலேயே விடப்படவேண்டும். டெயில்ஸின் சிறப்பு ஓட்டமன்று, பொறித்திறன். ஆகவே பழுதைக் கண்டறிதலும் பொறியைப் பிரித்துச் சேர்த்தலும் ஆட்டமாகவே அமைதல் நன்று. இன்னொன்றும் வேண்டும். 2002இல் இவ்வரிசையிற் சேர்ந்த கிரீம் என்னும் முயற்குட்டி அவனினும் இளையவள். அவள் இரண்டாவது கைக்கருவியிலே பின்தொடர, டெயில்ஸ் முதலாவதில் முன்செல்வானாயின், 1992இல் அவன் நின்ற இடத்தை விளையாடுவோர் திரும்பிப் பார்ப்பர். அவள் வீழ்ந்தால் ஆட்டத்துக்கு நட்டம் உண்டெனவும் விதித்தல் வேண்டும்.

நக்கிள்ஸின் சிக்கல் வேறு. வானில் மிதக்குந் தீவிலே முதன்மை மரகதத்தைக் காத்துநிற்கும் அவன் தன் இனத்தின் எஞ்சிய ஒருவன். எக்மான் பொய்யை நம்பி 1994இல் சொனிக்கைப் பகைத்தான். 1998இலும் அவ்வாறே ஏமாந்தான். இதனைப் பின்னையோர் நகைப்புக்குரிய மடமையாக்கினர். ஆயின் பேச்சுத்துணையின்றித் தனித்து வாழ்ந்தவன் முதலில் வந்து பேசியவனை நம்புதல் மடமையோ? அக்கேள்வியை எழுப்புங் கதையே அவனுக்கு வேண்டும். மரகதம் உடைந்தால் தீவு வீழும். ஆதலின் அவன் உலகைக் காணப் புறப்படுமுன் காவலை எவரிடமேனும் ஒப்படைத்தல் வேண்டும். அம்மரகதத்தின்மீது நெடுநாள் ஆசைகொண்ட ரூஜ் என்னும் வௌவாற் பெண்ணிடமே ஒப்படைப்பானாயின் கதை சுவைக்கும். அறியாது நம்பியவன் இம்முறை எல்லாம் அறிந்தே நம்புகின்றான்.

ஏமியைச் சொனிக்கின்மீது காதல்கொண்டு திரிபவளென்று மட்டும் கருதுவோர் அவள் வரலாற்றை ஊன்றி நோக்காதோர். 1998இல் அவளுக்குரிய மூன்று கட்டங்களிலும் சீரோ என்னும் இயந்திரத்துக்கு அஞ்சி ஓடியவள், முடிவிலே திரும்பி நின்று அதனை வென்றாள். அதே கதையில், சொனிக் அழிக்க முற்பட்ட காமா என்னும் இயந்திர வீரனைக் குறுக்கே நின்று காத்தாள். 2001இல் வந்த இரண்டாம் 'அட்வெஞ்சர்' கதையிலே உலகத்தை வெறுத்திருந்த ஷாடோவின் மனத்தை மாற்றியவளும் அவளே. அம்மாற்றமின்றேல் உலகம் அழிந்திருக்கும். ஆனால் அக்கதைப் பகுதியில் அவளை இயக்க இயலாது. அவளது பெருஞ்செயல் சில நிமிட உரையாடலாகவே கழிந்துவிட்டது. விளையாட்டுக்கள் அவள் கையிற் சுத்தியலைக் கொடுத்தன. அவள் வென்றதோ சொல்லால். எதிர்ப்படுவோரைச் செவிமடுத்து, எவன் மாறக்கூடியவன், எவன் மாறாதவன் எனப் பகுத்தறிந்து, உரிய வேளையிலே உரிய சொல்லைத் தெரிதலே ஆட்டமாக அமையும் ஒரு கதை அவளுக்கு உரியது. தவறான சொல் பகையை வளர்க்கவும், பொறுமை வழியைத் திறக்கவும் விதிகள் அமைக்கலாம். அவ்விளையாட்டிலே சுத்தியல் பெரும்பாலும் அவள் தோளிலேயே கிடக்கும்.