ரோமுலசு – ரேமுசு தொன்மம்: ஒரு திறனாய்வு

ரோமுலசு, ரேமுசு என்போர் உரோமை நகரின் தோற்றக் கதையில் வரும் இரட்டைச் சகோதரர்கள் ஆவர். பெண் ஓநாய் ஒன்று இவர்களுக்குப் பாலூட்டும் காட்சி உலகெங்கும் அறியப்பட்டது. ஆனால் கதை அத்துடன் முடிவதில்லை. உடன்பிறந்தவனின் கொலையும் நகரத்தின் பிறப்போடு சேர்ந்தே சொல்லப்படுகிறது. இக்கொலையை உரோமானியர் ஏன் மறைக்கவில்லை என்பதே இத்தொன்மம் எழுப்பும் முதன்மையான கேள்வி.

கதைச் சுருக்கம்

அல்பா லோங்காவின் மன்னர் நூமிதோரை அவருடைய தம்பி அமூலியசு விரட்டிவிட்டு ஆட்சியைக் கைப்பற்றினான். அண்ணன் வழியில் வாரிசு தோன்றாதிருக்க, அவர் மகள் ரியா சில்வியாவை வெசுத்தா தேவியின் கன்னிப் பூசாரி ஆக்கினான். எனினும் அவள் இரட்டையரைப் பெற்றாள்; தந்தை போர்க் கடவுள் மார்சு என்றாள். டைபர் ஆற்றில் விடப்பட்ட குழந்தைகளை ஓநாய் காத்தது. பவுசுதுலசு என்னும் ஆயர் வளர்த்தார். இளைஞரானதும் இருவரும் அமூலியசைக் கொன்று, பாட்டனுக்கு ஆட்சியை மீட்டளித்தனர். பின்னர் புதிய நகரம் அமைக்க முனைந்தனர்.

யார் பெயரில் நகரம் அமைவது? இரட்டையர் என்பதால் மூப்பைக் கொண்டு முடிவு செய்ய இயலவில்லை. எனவே பறவை நிமித்தம் பார்த்தனர். அவென்டைன் குன்றில் நின்ற ரேமுசுக்கு முதலில் 6 கழுகுகள் தென்பட்டன; பாலடைன் குன்றில் நின்ற ரோமுலசுக்குப் பின்னர் 12 கழுகுகள் தென்பட்டன. முந்தியது வெல்லுமா, மிகுந்தது வெல்லுமா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளவில்லை. கதையின் திருப்புமுனை இதுவே. பூசலுக்குக் காரணம் நிமித்தம் அன்று, விதியில் இருந்த குறை. பாட்டன் தலைமுறையைக் கெடுத்த ஆட்சி ஆசை பேரர்களிடமும் தொடர்ந்ததை வரலாற்றாசிரியர் லிவி குறிப்பிடுகிறார். அமூலியசின் தவற்றைத் தண்டித்தவர்களிடமே அவனுடைய ஆசை குடிகொண்டது.

கொலை சொல்லப்படும் முறைகள்

லிவி இரு வடிவங்களைத் தருகிறார். ஒன்றில், கைகலப்பின் நடுவே ரேமுசு வீழ்கிறான். கொன்றவர் யாரென்று தெளிவில்லை. பரவலாக வழங்கிய மற்றொன்றில், புதிய மதிலை ரேமுசு ஏளனமாகத் தாண்டிக் குதிக்க, ரோமுலசு சினந்து கொல்கிறான். இங்கே கொலை நகர எல்லையைக் காக்கும் செயலாக நியாயம் பெறுகிறது. அந்த நியாயத்தை சிசரோ ஏற்கவில்லை. மதில் வெறும் சாக்கு, ரோமுலசு செய்தது குற்றமே என்பது அவர் கருத்து. உள்நாட்டுப் போர்களைக் கண்ட கவிஞர் ஓராசு, ரேமுசின் குருதியே உரோமானியரைத் தொடரும் சாபம் என்று பாடினார். மாறாக, ஓவிட் பழியை செலேர் என்னும் பணியாள் மேல் ஏற்றி, ரோமுலசைத் துயருறும் சகோதரனாகக் காட்டினார். அவர் காலத்துப் பேரரசர் அகசுடசு, ரோமுலசு என்ற பெயரையே சூடிக்கொள்ளலாமா என்று எண்ணியவர். ஆட்சியாளரின் முன்னோடி கொலைகாரனாக இருப்பது இடர்ப்பாடு அல்லவா?

வரலாற்று மதிப்பு

வார்ரோ கணக்கிட்ட கி.மு. 753 மரபுவழி ஆண்டே அன்றி, உறுதியான சான்று அன்று. பாலடைன் குன்றில் கி.மு. 8ஆம் நூற்றாண்டுக் குடிசைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. அவை குடியிருப்பை மெய்ப்பிக்கின்றனவே தவிர ரோமுலசை அல்ல. கி.மு. 296இல் ஓநாயின் கீழ் இரட்டையர் சிலை நிறுவப்பட்டதை லிவி பதிவு செய்கிறார். ரேமுசு பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட பாத்திரம் என்றும், உயர்குடியினரும் பொதுமக்களும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்ட சூழலை அவன் குறிக்கிறான் என்றும் அறிஞர் வைசுமேன் 1995இல் வாதிட்டார். அவ்வாதம் கவர்ச்சியானது. எனினும், பகிர்வின் அடையாளமாக வந்தவன் ஏன் கொல்லப்பட வேண்டும் என்ற கேள்வி எளிதில் தீர்வதில்லை.

மதிப்பீடு

ஓநாயோடு நின்றுவிடும் சுருக்கங்கள் இத்தொன்மத்தின் பாதியை இழக்கின்றன. விலங்கு காட்டிய இரக்கத்தை உடன்பிறந்தவன் காட்டவில்லை என்பதே அதன் கசப்பான உண்மை. உரோமானியர் கொலையை மென்மையாக்க முயன்றனர். ஆனால் முற்றிலும் நீக்கிவிடவில்லை. அதனாலேயே ஒவ்வொரு உள்நாட்டுப் போரின்போதும் அவர்கள் தம்மை அக்கதையில் கண்டுகொள்ள முடிந்தது.